உங்கள் வாழ்வு மூடியிருக்கிறதா?

"கொலைன்னா நாங்க வரமாட்டோம். முதல்லயே சொல்லிடறேன்," என்றார் சம்பந்தி. "ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வரும். இவங்களுக்குக் கோபம் வரும்."

"கொலை இல்லைங்க. அதைவிட மோசம்," என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "யாரோ பழைய திரியைக் கிளப்புறாங்க."

"விளக்குத் திரியா? வெடித்திரியா?"

"சம்பந்தி, அவரைப் பேச விடுங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸில் ஒருநாள்கூட இருந்ததில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம், எரியாத குடோன் எரிந்துவிட்டதாகவும் சாகாத மாடு செத்துவிட்டதாகவும் சொல்லி வருபவர்களை மோப்பம் பிடித்தவர். அந்தப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட பிறகு துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். அவருடைய உதவியாளர், சொந்த மகளின் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மருமகளின் சமையலறையில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். மகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் அம்மா அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அதில் ஒரே ஒரு சிக்கல்தான். உதவியாளர் என்றால் திட்டலாம். சம்பந்தி என்றால் முடியாது.

இருவரையும் தன் கடையிலேயே உட்கார வைத்து, கடைக்காரர் தன் கதையைச் சொன்னார். கண்ணாடி விற்பது அவருக்கு வயிற்றுப்பாடு. உயிர் இருப்பதோ இணையத்தில் அவர் இருபது வருஷமாக நடத்தும் 'வீட்டுச் சாமான் ரிப்பேர் மன்றத்தில்'. நாற்பதாயிரம் உறுப்பினர்கள். மின்விசிறி கிறீச்சிடுவதில் தொடங்கி மோட்டார் புகைவது வரை அங்கே பேசாத வியாதி இல்லை. மன்றத்தில் அவர் பெயர் அட்மின்.

"ஒருத்தர் ஒரு கேள்வி போடுவாரு. அதுக்குக் கீழ பதில், பதிலுக்குப் பதில், நடுவுல ரெண்டு சண்டை. அந்த மொத்தத்துக்கும் பேரு திரி. ஆறு மாசம் பேச்சு நின்னு போன திரியில யாரும் மறுபடி பேசக் கூடாது. விதி பதினாலு."

"பேசினா?"

"பேசினா அது எழுந்து முதல் பக்கத்துல மேல வந்து உக்காந்துக்கும். ஜனங்க தேதியைப் பார்க்கறதில்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கேட்டவனுக்கு இன்னைக்கு விழுந்து விழுந்து பதில் சொல்வாங்க."

"கேட்டவன் இதுக்குள்ள பேரன் எடுத்து, பேரனுக்கே மின்விசிறி ரிப்பேராகியிருக்கும்," என்றார் சம்பந்தி.

அட்மின் சிரிக்கவில்லை. ஒரு மாதமாக ஒரே திரியை யாரோ தோண்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஏழு முறை. ஏழும் வேறு வேறு புதுப் பெயர்களில். அட்மின் தூக்கத் தூக்க மறுநாளே அடுத்த பெயரில் முளைத்தார்கள். அதற்குள் மன்றமே இரண்டு கட்சியாகிவிட்டது. பழைய திரி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பூட்டு என்றது பூட்டுக் கட்சி. எந்தத் திரியையும் பூட்டாதே, வாயை மூட நீ யார் என்றது திறப்புக் கட்சி. இரண்டும் சேர்ந்து அட்மினைத் திட்டின. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

"நாற்பது பேர் விலகிட்டாங்க. இது யார்னு தெரியலைன்னா ஞாயித்துக்கிழமையோட மன்றத்தையே மூடிடலாம்னு இருக்கேன்." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். "இந்தாங்க, அந்த ஏழு பதிவும்."

ஏழு தாளிலும் ஒரே வாசகம்:

*பொறியாளன்77, கடைசிபெஞ்சு, மொட்டைமாடி மூவருக்கும்: உங்கள் வாழ்வு மூடியிருக்கிறதா? உடனே திறக்கவும்.*

"சாமியார்," என்றார் சம்பந்தி உடனே. "இல்லைன்னா சாமியார் ஆகப் போறவர். வாழ்வைத் திற, மனசைத் திற, கடைசியா பர்ஸைத் திற."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றார் அட்மின்.

இன்ஸ்பெக்டரம்மா தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். "விக்க வந்தவன் போன் நம்பர் போடாம போவானா? ஏழு தடவை வந்திருக்கான். ஒரு நம்பர் இல்ல, ஒரு விலாசம் இல்ல."

"வெட்கப்படற சாமியாரா இருக்கும்."

"சரி. நாற்பதாயிரம் பேர் இருக்கற இடத்துல மூணே மூணு பேரை மட்டும் ஏன் கூப்பிடறான்? லட்சம் திரியில இந்த ஒரு திரிக்கு மட்டும் ஏன் வர்றான்? சார், அந்தத் திரி எதைப் பத்தி?"

அட்மின் விழித்தார். "தெரியாதுங்க."

"படிக்கலையா?"

"தேதியைப் பார்ப்பேன். ஆறு மாசம் தாண்டியிருந்தா தூக்கிடுவேன். படிக்கறதில்ல."

"டிக்கெட் பரிசோதகர் மாதிரியே பேசறீங்க," என்றார் சம்பந்தி. "நானும் முகத்தைப் பார்த்ததில்ல."

திரியைத் திறந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய கேள்வி: 'குளியலறை கேஸ் கீசரில் தீ அடிக்கடி அணைந்துவிடுகிறது, என்ன செய்ய?' முதல் மூன்று பதில்கள் வெறும் அனுதாபம். நான்காவது, 'சுடுதண்ணி' என்ற உறுப்பினர் எழுதியது:

*தீ அணைவதற்குக் காரணம் குழாயில் தூசு. அதைச் சுத்தம் செய்யவும். மேலே உள்ள காற்று வாழ்வை மூடவும்.*

அதன் கீழே வரிசையாக மூன்று நன்றிகள். மூடிவிட்டேன், நன்றி. மூடிவிட்டேன், இப்போது தீ அணைவதில்லை, நன்றி. மூடினேன், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எழுதியவர்கள் பொறியாளன்77, கடைசிபெஞ்சு, மொட்டைமாடி.

சம்பந்தி இரண்டு முறை படித்தார். "காற்று வாழ்வா? காற்றுல என்னய்யா வாழ்வு?"

"வால்வு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கீசருக்கு மேல புகை வெளிய போக ஒரு வால்வு இருக்கும். வால்வுன்னு எழுதத் தெரியாம வாழ்வுன்னு எழுதியிருக்காரு. இப்ப அந்த ஏழு பதிவையும் திரும்பப் படிங்க."

உங்கள் வால்வு மூடியிருக்கிறதா? உடனே திறக்கவும்.

அட்மின் ஏழு தாளையும் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"அதை மூடினா என்ன ஆகும்?" என்று அட்மின் கேட்டார்.

"மூடின குளியலறையில புகை தங்கும். அந்த நச்சுக் காத்துக்கு வாசனை கிடையாது. குளிக்கப் போனவங்க வெளிய வரமாட்டாங்க. இன்ஷூரன்ஸ்ல அப்படி நாலு கேஸ் பார்த்திருக்கேன். நாலும் நிஜம்." அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய பதில்லயும் வாழ்வு, புதுப் பதிவுலயும் வாழ்வு. தப்பான யோசனை சொன்ன ஆளேதான் இப்ப பதறிப் போய்த் திருத்த வந்திருக்காரு. இந்தச் சுடுதண்ணி யாரு?"

அட்மின் பதிவேட்டைத் தேடினார். பழைய உறுப்பினர்கள் எல்லோரும் போன் நம்பர் கொடுத்தே சேர்ந்தவர்கள். அந்த நம்பரை அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியில் சொன்னது. அவர் போட்ட பழைய பதிவுகளில் ஒரே ஒரு படம் இருந்தது. ரிப்பேர் பார்த்துப் பளபளவென்று துடைத்து வைத்த ஒரு கீசர். பின்னால் சுவர்கூடத் தெரியவில்லை.

"கீசரோட வயித்தைப் பெரிசாக்குங்க," என்றார் அம்மா.

எஃகு உடம்பில் எதிரே இருந்த ஒரு பெயர்ப் பலகை பிரதிபலித்தது. எழுத்துகள் தலைகீழ் அல்ல, வலமிருந்து இடமாகத் திரும்பிக் கிடந்தன. சம்பந்தி கழுத்தைச் சாய்த்தார், திரையைத் திருப்பினார், கடைசியில் தானே திரும்பி நின்றுகொண்டார். அட்மினோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லாரி எடை மேடை," என்றார்.

"எப்படிங்க?"

அட்மின் பின்சுவரைக் காட்டினார். கண் பரிசோதனை அட்டை திருப்பி அச்சிட்டது; எதிரே கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும். சின்னக் கடைக்குள் தூரத்தை இரட்டிப்பாக்க அந்த ஏற்பாடு. "இருபது வருஷமா இதைத்தான் பார்த்துட்டு நிக்கறேன். எனக்கு நேரா எழுதினாத்தான் கஷ்டம்."

ஊரில் லாரி எடை மேடை ஒன்றுதான், சரக்குக் கொட்டகைக்குப் பின்னால். இருவரும் சம்பந்தியின் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். நடுவில் மரியாதைக்காக ஒரு கைப்பை.

"மெதுவா போங்க சம்பந்தி."

"இதுக்கு மேல மெதுவா போனா நிறுத்தி வைக்கணும் சம்பந்தியம்மா."

எடை மேடைக்கு எதிரே அரை ஷட்டர் இறக்கிய கடை. உள்ளே வயிறு திறந்த மோட்டார்களும் தொங்கும் ஒயர்களும். முக்காலியில் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஒரு பம்பின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கிரீஸ்.

சம்பந்தி ஷட்டருக்கு அடியில் தலையை நுழைத்தார். "சுடுதண்ணி இருக்காருங்களா? சூடு ஆறியிருந்தா ரெண்டு வார்த்தை பேசணும்."

அவள் திருப்புளியைப் பம்பின் மேல் வைத்தாள். "என் வீட்டுக்காரருங்க. தவறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

சம்பந்தி நிமிர்ந்ததில் ஷட்டர் அவர் தலையில் டங்கென்று இடித்தது.

இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக உள்ளே போனார். முடிந்தது கதை என்றுதான் அவருக்கும் தோன்றியது. இறந்த மனிதர் ஏழு பெயரில் பதிவு போடமாட்டார். சுவரைப் பார்த்தார். அங்கே சாக்கட்டியால் எழுதிய ஒரு கரும்பலகை:

*மோட்டார் காயில் கட்டப்படும். பழைய வாழ்வு எடுத்துப் புது வாழ்வு பொருத்தித் தரப்படும்.*

சாக்கட்டி எழுத்து புத்தம் புதிதாக இருந்தது.

"இந்தப் பலகை யார் எழுதினது?"

"நான்தாங்க. வாராவாரம் அழிச்சு எழுதுவேன்."

"அவரு?"

"அவருக்கு எழுத்து வராதுங்க. கை முழுக்கத் தொழில், எழுத்து மட்டும் இல்ல. மன்றத்துல கூட அவரு சொல்வாரு, நான்தான் டைப் அடிப்பேன்." சொல்லிவிட்டு அவள் சட்டென்று நிறுத்தினாள். வந்தவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்றுகொண்டாள். "நீங்க மன்றத்துல இருந்து வர்றீங்களா? எல்லாப் பேர்லயும் வந்தது நான்தான். என்ன வேணாலும் செய்ங்க. அந்த மூணு பேரு உயிரோட இருக்காங்களான்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா முக்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார்.

"அவரு வேலை பார்த்துக்கிட்டே சொல்வாரு," என்றாள் அவள். "அன்னைக்கு இந்த கிரைண்டர் ஓடிட்டிருந்துச்சு. 'காத்து வால்வை மூடவும்'னாரு. அதோட சக்கரத்தை இரும்புல வெச்சாரு, கொர்ருன்னு சத்தம். நான் மூடவும்னு அடிச்சு அனுப்பிட்டேன்."

"அவர் சொன்னது?"

"'மூடவும் கூடாது.' வர்றவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வாரு. மூடவும் கூடாது, தொடவும் கூடாதுன்னு. கடைசி வார்த்தை கிரைண்டர்ல போயிடுச்சு." அவள் முந்தானையால் விரல்களைத் துடைத்தாள், கிரீஸ் போகவில்லை. "மூணு பேரு நன்றி சொல்லியிருக்காங்கன்னு மட்டும்தான் அவர்கிட்ட சொன்னேன். அன்னைக்கெல்லாம் சிரிச்ச முகமா இருந்தாரு. போன மாசம்தான் அவரு பேசினதையெல்லாம் எடுத்துப் படிச்சேன். படிச்சா... அவரு சொல்லாததை அவரு பேர்ல நான் சொல்லி வெச்சிருக்கேன்."

"அட்மினுக்கு நேரா எழுத வேண்டியதுதானே?"

"அவரோட கடவுச்சொல் எனக்குத் தெரியாது. புதுசா சேர்ந்தா, பத்துப் பதிவு போட்டப்புறம்தான் தனி மடல்னாங்க. முழு விவரமும் நீளமா எழுதினேன். விளம்பரம்னு மெஷினே தூக்கிடுச்சு. சின்னதா எழுதினா அவரு தூக்கிடறாரு. பேரைக் கூப்பிட்டு எழுதினா மட்டும் அந்த மூணு பேரு மெயிலுக்கு ஒரு சேதி போகும்னு கண்டுபிடிச்சேன். பதிவைத் தூக்கினாலும் போன மெயில் போனதுதானே?"

"அந்த மெயிலைப் படிச்சவன் சாமியார்னு நினைச்சு அழிச்சிருப்பான்," என்று சம்பந்தி முணுமுணுத்தார். ஆனால் குரலில் கிண்டல் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா அட்மினை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். நான்கு வரியில் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அவர் எழுந்ததில் நாற்காலி கிறீச்சிட்டது. "மூணு பேரோட நம்பரும் உங்க பதிவேட்டுல இருக்கு. எல்லாரையும் இதே அழைப்புல சேருங்க."

பொறியாளன்77 உற்சாகமாகப் பேசினார். அந்த வீட்டை விற்று ஒன்பது வருஷம் ஆச்சாம். வாங்கியவர் இடித்துவிட்டு நகலெடுக்கும் கடை கட்டிவிட்டாராம். கடைசிபெஞ்சு எரிந்து விழுந்தார். "அந்தக் கீசரையும் கூட்டிக்கிட்டுத்தான் என் பொண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போனா. ரெண்டும் அங்க எரியாம கிடக்கு. போனை வைங்க."

மொட்டைமாடி மூன்றாவது மணியில் எடுத்தார். தன்மையான குரல்.

"கீசரா? ஆமாங்க, அதே கீசர்தான். மேல் மாடி ரூம்ல இருக்கு. விருந்தாளி வந்தாத்தான் போடறது. மாப்பிள்ளை காலை ரயில்ல வந்தாரு, இப்பத்தான் குளிக்கப் போயிருக்காரு."

பம்பின் மேலிருந்த திருப்புளி உருண்டு தரையில் விழுந்தது.

"போய் எவ்வளவு நேரமாச்சு?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இருபது நிமிஷம் இருக்கும். பாடிக்கிட்டே குளிப்பாரு. கீழ வரைக்கும் கேக்கும்."

"இப்ப கேக்குதா?"

அவர் படிக்கட்டு வரை போய்க் கேட்டார். "இல்லைங்க. நிறுத்திட்டாரு."

"மேல ஓடுங்க. கதவைத் தட்டுங்க."

"அய்யய்யோ! மாப்பிள்ளை குளிக்கறப்ப மாமனார் போய்க் கதவைத் தட்டறதா? முதல் தடவை தங்க வந்திருக்காருங்க. மரியாதையா இருக்காதே!"

இன்ஸ்பெக்டரம்மா பல்லைக் கடித்தார். சம்பந்தி போனைப் பிடுங்கினார்.

"யோவ்! நானும் ஒரு வீட்டு மாப்பிள்ளைக்கு அப்பன்தான், கேளு! என் பையன் மாமியார் இங்கதான் பக்கத்துல நிக்கறாங்க. அவன் குளியலறையில விழுந்து கிடந்து, இவங்க மரியாதை பார்த்துக்கிட்டு வெளிய நின்னிருந்தா, நான் இவங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன். உள்ள இருக்கறவன் கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லு! உடை அந்தக் கதவை!"

மாடிப்படியில் செருப்புச் சத்தம். தட்டும் சத்தம். "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" பிறகு தோளால் இடிக்கும் சத்தம், ஒருமுறை, இருமுறை, மரம் பிளக்கும் சத்தம். ஒரு பெண்ணின் அலறல். "இழுங்க! வெளிய இழுங்க! ஜன்னலைத் திறங்க!" போன் எங்கோ தரையில் கிடந்து தண்ணீர் விழும் ஓசையை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

கடையில் மூன்று பேரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எடை மேடையில் ஒரு லாரி ஏறி இறங்கிப் போனது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சம்பந்தி ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

நாற்பது நிமிஷம் கழித்து மணி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்த மொட்டைமாடியை அட்மின் அழைப்பில் சேர்த்திருந்தார். மொட்டைமாடி விம்மிக்கொண்டே பேசினார்.

"கண்ணைத் திறந்துட்டாருங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா அவ்வளவுதான்னாரு டாக்டர். முழிச்சதும் முதல்ல கேட்டது, 'மாமா, துண்டாவது கட்டி விட்டீங்களா?'"

சம்பந்தி சிரித்தார். சிரிப்பு பாதியில் திசை மாறிவிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசு என்றார். அவள் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

அழைப்பில் இன்னும் இருந்த அட்மின் தொண்டையைச் செருமினார். "மேடம், ஒரு எண்ணிக்கை பார்த்தேன். அந்தத் திரியை இந்த வாரம் மட்டும் நூத்தி எண்பது பேர் படிச்சிருக்காங்க. கீசர் அணையுதுன்னு தேடினா அதுதான் முதல்ல வருது."

"பூட்டினாலும் படிக்கலாமா?"

"படிக்கலாம். பேசத்தான் முடியாது."

"அப்ப தப்பு பேசிட்டே இருக்கும். திருத்தத்துக்கு மட்டும் வாய்ப்பூட்டு. நல்லாயிருக்கு சார் உங்க விதி பதினாலு."

"அந்தப் பதிலை இப்பவே எடுத்துட்டேன்," என்றார் அட்மின் அவசரமாக. "விதியையும் மாத்தறேன். பழைய திரி மேல வந்தா தேதியைப் பெரிசாக் காட்டட்டும். சும்மா 'நன்றி'ன்னு சொல்ல வர்றவங்க புதுத் திரி போடட்டும். தப்பைத் திருத்த வந்தா எத்தனை வருஷம் ஆனாலும் கதவு திறந்திருக்கும். தூக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் படிச்சே ஆகணும். அந்த ஒருத்தர் நான்தான்."

"பூட்டுக் கட்சி கோவிச்சுக்குமே?" என்றார் சம்பந்தி.

"கோவிச்சுக்கட்டும். அவங்களைக் குளிச்சிட்டு வரச் சொல்றேன்."

முதல் தடவையாக அட்மின் ஒரு ஜோக் அடித்திருந்தார். சம்பந்தி பொறாமையோடு தலையாட்டினார்.

"அம்மா," என்று அட்மின் தயங்கியபடி அவளை அழைத்தார். "உங்க ஏழு கணக்கையும் முடக்கினதுக்கு மன்னிச்சிடுங்க. அந்த இடத்துல சரியான பதிலை நீங்கதான் எழுதணும். உங்க வீட்டுக்காரர் கணக்கைத் திறந்து தரட்டுமா? சுடுதண்ணி சொன்னாருன்னா எல்லாரும் கேப்பாங்க. அவ்வளவு மரியாதை இருக்கு அந்தப் பேருக்கு."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். கிரைண்டரைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றாள். "அவரு சொன்னது சரி. தப்பு என்னுது. என் சொந்தப் பேர்லயே ஒண்ணு திறந்து குடுங்க."